வீடு விற்குமுன் தரகரிடம் வினவவேண்டுவன

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் வீடு விற்பதைப் பற்றிப் பேச எழுந்தது ஏன் என்று உங்களிற் சிலர் வியத்தல் கூடும். செயலாளர் அவர்கள் இம்மாதக் கூட்டத்தில் இலக்கியப் பொருள் ஒன்று பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டார்கள். யானோ, ‘இம்முறை இலக்கியம் வேண்டா, வீடு விற்போர் தரகரிடம் கேட்கவேண்டிய வினாக்களைப் பற்றிச் சொல்லுகின்றேன்’ என்றேன். அவர்கள் சிறிது நேரம் என் முகத்தையே நோக்கினார்கள். காரணத்தைக் கேட்டபின் உடன்பட்டார்கள். அக்காரணத்தை உங்கட்கும் முதலிலேயே சொல்லிவிடுகின்றேன்.

2014-ஆம் ஆண்டு. என் தமக்கையார் தம் கணவரை இழந்து ஈராண்டு சென்றிருந்த காலம். திண்டுக்கல்லில் அவர்கட்கு ஒரு வீடு இருந்தது. திண்ணையும் முற்றமும் கிணறும் உடைய பழைய வீடு. என் அத்தான் தம் உழைப்பினால் தேடியது. மகள் கோயம்புத்தூரிற் பணியில் அமர்ந்தாள். மகன் அவ்வூரிலேயே கல்லூரியிற் சேர்ந்தான். ஆதலின், இவ்வீட்டை விற்று அங்கே சிறு வீடொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று தமக்கையார் எண்ணினார்.

நம்மவருள் ஒருவர், எங்கட்கு மாமன் முறையினர், வீட்டுத்தரகு செய்துவந்தார். எங்கள் வீட்டு மணவினைகளில் முன்வரிசையில் அமர்பவர். துக்கங்களில் முதல் ஆளாக வந்து நிற்பவர். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘22 இலட்சம் போகும், அதற்குமேல் ஒரு காசும் எவனும் கொடான்’ என்றார். ‘நம் வீட்டுப் பெண்ணைப் பத்திர ஆபீசுக்கு அலையவிடலாமா? எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துவிடு, அம்மா. மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றும் சொன்னார். அன்றிரவு தமக்கையார் என்னிடம், ‘தம்பி, விலையை வேறு யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போமா?’ என்றார். யான் அப்போது சொன்ன விடை இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. ‘அக்கா, மாமாவைச் சந்தேகப்பட்டது போல் ஆகிவிடுமே’ என்றேன்.

தமக்கையாரும் மக்கள் இருவரும் பொது அதிகாரப் பத்திரத்திற் கையொப்பம் இட்டனர். மூன்று திங்களில் 22 இலட்சம் ரூபாய் வந்தது. தரகுக் கூலியாக நூற்றுக்கு 2 வீதம் 44,000 ரூபாயை மாமா பெற்றுக்கொண்டார். ஓராண்டு கழித்துத் தமக்கையார் அத்தெருவிற்கு ஒரு திருவிழாவின்போது போயிருந்தார். வீட்டை வாங்கியவரின் மனைவியார் அவரை உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்து உபசரித்து, ‘27 இலட்சம் கொடுத்தாலும் இந்தக் கிணற்றுத் தண்ணீருக்குத் தகும் அம்மா’ என்றாராம். பதிவு அலுவலகத்திற் பத்திரத்தின் நகல் வாங்கிப் பார்த்தோம். வாங்கியவர் அரசு ஊழியர், கணக்குக் காட்டவேண்டியவர், ஆதலின் 27 இலட்சமும் பத்திரத்தில் உள்ளபடியே எழுதப்பட்டிருந்தது. மாமாவைக் கேட்டோம். ‘உங்களுக்குச் சொன்ன விலை வந்துவிட்டது, மிச்சம் என் சாமர்த்தியத்துக்குக் கிடைத்தது’ என்றார்.

உறவு முறிந்துவிடும் என்று அஞ்சித் தமக்கையார் வழக்கிற்கு உடன்படவில்லை. உறவோ அன்றே முறிந்துவிட்டது. கோயம்புத்தூரிற் பார்த்துவைத்த வீட்டிற்கு 5 இலட்சம் குறைந்தமையால் அது வேறொருவர் கைக்குப் போயிற்று. இன்றும் அவர் வாடகை வீட்டில்தான் இருக்கின்றார். இதுகாறும் என்னை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. கடிந்திருந்தால் என் மனம் சிறிது ஆறியிருக்கும்.

பெரியோர்களே! அத்தரகரின் பெயரை யான் இங்கே சொல்லேன். அவரைப் பழித்தல் என் நோக்கமன்று. பிழையிற் பாதி என்னுடையது. கேட்கவேண்டியதை ‘நம்மவர்’ என்னும் ஒரு சொல்லால் அடைத்துவிட்டவன் யானே. நம் சங்கத்தாரிடையே வீடு விற்போர் பலர். தரகு செய்வோரும் சிலர். விற்போர் நாணத்தாற் கேளாமல் இருக்கின்றனர். அந்நாணம் நீங்கவேண்டும் என்பதே யான் இன்று சொல்லவந்த பொருள்.

யான் நாடோறும் மாணவர்க்குக் கற்பிக்கும் திருக்குறளில் அதிகாரங்கள் அமைந்த முறையை நோக்குங்கள். 51-ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52-ஆவது தெரிந்து வினையாடல். அதன் பின்னரே 53-ஆவதாகச் சுற்றந் தழால் வருகின்றது. முதலில் ஆராய்ந்து தெளிக; பின் வினையை ஒப்புவிக்க; சுற்றத்தைத் தழுவுதல் அதற்குப் பின்னது. யானோ சுற்றத்தை முதலில் தழுவி, ஆராய்தலை அடியோடு விட்டேன். இருபது ஆண்டுக்கு மேலாக நூலைக் கற்பித்தும் அதன் வைப்புமுறை என் வீட்டுக் காரியத்தில் எனக்குப் பயன்படாமற் போயிற்று.

நிற்க. இனி வினாக்களுக்கு வருவோம்.

முதல் வினா: ‘ஐயா, தாங்கள் யார் பொருட்டு இவ்வேலையை மேற்கொள்ளுகின்றீர்கள்?’ இது கடுமையான வினாப் போல் தோன்றும். ஆனால் ஏனைய வினாக்களுக்கெல்லாம் வேர் இதுவே. நம் நாட்டு வழக்கிற் பெரும்பாலும் தரகர் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஆகிய இருபுறத்தும் கூலி பெறுவர். விற்பவர்க்கு விலை ஏறவேண்டும். வாங்குபவர்க்கு விலை இறங்கவேண்டும். இருவர்க்கும் ஒருவரே உழைத்தல் எங்ஙனம்? அது குற்றமென்று யான் சொல்லவில்லை, மறைத்தல்தான் குற்றம். ‘வாங்குபவரிடமும் கூலி உண்டோ? வாங்க வருபவர் தங்கட்கு உறவோ, பங்காளியோ? தாங்களே வாங்கும் எண்ணம் உண்டோ?’ என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகின்றது. தன் நிலத்தை விற்றுத் தருமாறு ஒருவன் முகவனை ஏவுகின்றான். முகவன் நிலத்தைப் பார்வையிடும்போது அங்கே ஒரு சுரங்கம் இருத்தலைக் காண்கின்றான். உடையவன் அதனை அறியான். சுரங்கத்தைப் பற்றி வாய் திறவாமல், நிலத்தைத் தானே வாங்கிக்கொள்ள விரும்புவதாக மட்டும் சொல்லி வாங்கிவிடுகின்றான். உண்மை வெளிப்பட்டபின் அவ்விற்பனையைத் தள்ளவோ கொள்ளவோ உடையவனுக்கு உரிமையுண்டு என்பது சட்டம். நம் வீடுகளின்கீழ்ச் சுரங்கம் இல்லை. ஆனால் தெருவிற்குப் புதிய சாலை வரப்போகும் செய்தி, பக்கத்து மனையார் நம் மனையையும் சேர்த்து வாங்கக் காத்திருக்கும் செய்தி ஆகியவை நமக்குச் சுரங்கங்களே. அவற்றை முதலில் அறிபவர் தரகர். மேலும், முகவர் தம்மை ஏவியவர்க்குக் கணக்குக் காட்டவேண்டும் என்றும், ஏவியவர் அறியாமல் தம் பொருட்டு நடத்திய வணிகத்தில் வந்த ஊதியத்தை ஏவியவர் கேட்டுப் பெறலாம் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. ஆகவே, ‘மிச்சம் என் சாமர்த்தியத்துக்கு’ என்பது சட்டத்தின்முன் நிற்கும் விடையன்று. இதனை அன்று யான் அறிந்திலேன்.

இரண்டாம் வினா: ‘தங்கள் கூலி எவ்வளவு? எப்போது கொடுக்கவேண்டும்?’ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்பது நம் ஊர்களிற் பெருவழக்கு. எவ்வளவாயினும் முன்னரே பேசி ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பம் இடுங்கள். தனியாக ஒன்றும் பேசாதபோது, மேற்கொண்ட வேலை முடிந்தாலன்றி முகவர்க்குக் கூலி உரியதாகாது என்பது மேற்சொன்ன சட்டத்தின் விதி. ஆதலின், முன்பணம் வாங்கிய அன்றே முழுக்கூலியும் வேண்டும் என்பார்க்கு, ‘கிரயப் பத்திரம் பதிவாகும் அன்று தருகின்றோம்’ என்று இன்சொல்லால் விடை கூறுங்கள்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் கைக்கு இவ்வளவு வந்தாற் போதும் அல்லவா?’ என்று கேட்கும் தரகரிடம் விழிப்பாய் இருங்கள். அதற்கு ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் வருவதெல்லாம் தமக்கு என்று அவர் கொள்ளுவர். விலை எதுவாயினும் முழுவிலையும் உங்கட்குத் தெரியவேண்டும். அம்முழுவிலைமேல் கூலியைக் கணக்கிடவேண்டும்.

மூன்றாம் வினா: ‘இவ்விலையை எவ்வாறு கண்டீர்கள்?’ அந்த ஒரு வினாவைத் தமக்கையார் கேட்க எண்ணினார், யான் தடுத்தேன். விலை சொல்லும் தரகரிடம், இத்தெருவில் அண்மையில் விற்ற மூன்று மனைகளைக் காட்டச் சொல்லுங்கள். மனைக்குச் சதுர அடி என்ன விலை, கட்டடத்திற்கு என்ன விலை என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. தரகர் சென்ட்டுக் கணக்கிலும் வாங்குபவர் சதுர அடிக் கணக்கிலும் பேசினால், இடையில் உள்ள நாம் மயங்குவோம். பழைய வீட்டை வாங்குபவர் பெரும்பாலும் மனைக்காகவே வாங்குவர். எனினும் தேக்கு உத்திரமும் கதவுநிலைகளும் தனி விலை பெறும் என்பதை மறவாதீர்.

தரகர் சொல்லை நாமே சரிபார்த்தலும் கூடும். தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் இணையத்தளத்திற் புல எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். அதிற் கைமாற்றுத் தொகை காட்டப்பட்டிருக்கும். அண்டை மனைகளின் விற்பனையை இவ்வாறு அறியலாம். ஆனால் பலர் அரசு வகுத்த வழிகாட்டி மதிப்பிற்கே பத்திரம் எழுதுதலின், அங்குக் காணும் தொகை உண்மை விலையினும் குறைந்திருத்தல் கூடும். வழிகாட்டி மதிப்பு முத்திரைத்தீர்வைக்காக ஏற்பட்டதேயன்றிச் சந்தை விலை அன்று. ஆகவே சான்றையும் பாருங்கள். ஒருவர்க்கு இருவராகத் தரகரையும் கேளுங்கள். தெருவில் உள்ளாரையும் விசாரியுங்கள்.

நான்காம் வினா: ‘எம்மிடம் எதில் கையொப்பம் கேட்கின்றீர்கள்?’ தாய்மார்களே, இதனை நீங்கள் சிறப்பாகக் கேட்டுக்கொள்ளவேண்டும். வாங்குபவரைத் தேடித் தருவதற்குத் தரகர்க்கு அதிகாரப் பத்திரம் வேண்டுவதே இல்லை. அவர் வேலை காட்டுதலும் பேசுதலும். கையொப்பம் இடுதல் உடையவர் வேலை. பொது அதிகாரப் பத்திரம் கொடுத்தீர்களாயின், விலை பேசவும் பணம் பெறவும் பத்திரம் எழுதவும் அவர்க்கே உரிமை போய்விடும். நடந்தது என்ன என்பதை அவர் சொன்னாலன்றி நீங்கள் அறியமாட்டீர்கள். எங்கள் வீட்டில் நிகழ்ந்தது இதுவே.

அதிகாரப் பத்திரத்தாலும் விற்பனை ஒப்பந்தத்தாலும் சொத்துரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரத்தாலேயே மாறும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. எனினும், அதிகாரம் பெற்றவர் உங்கள் பெயரால் எழுதிக் கொடுக்கும் கிரயப் பத்திரம் செல்லும். பணம் பெற்றுக்கொண்டு அதிகாரம் எழுதிக் கொடுத்தாலோ, அவர்க்கு அச்சொத்தில் நலன் உண்டாகிவிட்டது என்று சொல்லி, அதனை நீக்குதலும் அரிதாகும். அயல்நாட்டில் இருத்தல், நோய் முதலிய காரணங்களால் நேரில் வர இயலாதார், தம் மகனுக்கோ மகளுக்கோ, இந்த ஒரு சொத்தை இன்ன விலைக்குக் குறையாமல் விற்க என்று வரையறுத்துத் தனி அதிகாரம் கொடுக்கலாம். தரகர்க்கு வேண்டா. அவ்வாறே மூலப்பத்திரத்தையும் அவர் கையிற் கொடாதீர், நகல் போதும். மூலத்தை வாங்குபவரின் வழக்கறிஞர் காண விரும்பினால், உங்கள் எதிரில் உங்கள் வீட்டில் காணட்டும்.

ஐந்தாம் வினா: ‘ஒப்பந்தம் யார் பெயரில்? முன்பணம் யார் கையில்?’ சில தரகர் சிறிது முன்பணம் கொடுத்துத் தம் பெயரிலேயே கிரய ஒப்பந்தம் எழுதிக்கொள்வர். பதினொரு திங்கள் தவணை வைப்பர். ‘என் பெயருக்கோ, யான் காட்டும் பிறர் பெயருக்கோ கிரயம் செய்துதர வேண்டியது’ என்று ஒரு வரி சேர்ப்பர். பின்னர், அத்தவணைக்குள் மிகுந்த விலைக்கு ஆள் தேடி, உங்களைக்கொண்டே அவர்க்குக் கிரயம் எழுதுவித்து, இடையில் நின்ற தொகையைத் தாம் கொள்ளுவர். நல்ல ஆள் கிட்டாவிடின் தவணை முடியுமட்டும் உங்கள் வீடு கட்டுண்டு கிடக்கும். உங்கள் மகளின் திருமணமோ மகனின் கல்விக் கட்டணமோ அதற்காகக் காத்திராது. ஆதலின், ஒப்பந்தம் உண்மையாக வாங்குபவர் பெயரில் இருக்கட்டும். தவணை மூன்று திங்களுக்கு மேற்படாது இருத்தல் நன்று. தவறினால் முன்பணம் என்னாகும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2012 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். வெறுந்தாளிலும் பதியாத முத்திரைத்தாளிலும் எழுதி முடித்துவிடலாம் என்பார் சொல்லைக் கேளாதீர்.

முன்பணம் தரகர் வழியாக வருதல் ஆகாது. வாங்குபவரிடமிருந்து நேரே உங்கள் வங்கிக் கணக்கிற்கு வரவேண்டும். வீடு நிலம் விற்பதில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுதலை வருமானவரிச் சட்டம் விலக்குகின்றது. மீறினால், பெற்ற தொகையளவு தண்டம் விதிக்க இடமுண்டு. அத்தண்டமும் கொடுத்தவர் மேலதன்று, பெற்றவர் மேலது. ‘பத்திரத்தில் பாதி, கையிற் பாதி’ என்று சொல்பவர் தீர்வையை மிச்சப்படுத்துவார். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக்கட்டணம் நூற்றுக்கு 2. வழக்கப்படி இவை வாங்குபவர் செலவு. அவர் செலவு குறைதற்கு நாம் தண்டத்திற்கு ஆளாவது என்ன அறிவுடைமை? மற்றொன்று: கிரயப் பத்திரத்தில் ‘முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வாசகம் இருக்கும். அத்தொகை முழுவதும் உங்கள் கணக்கில் வந்தமையை உறுதி செய்துகொண்ட பின்னரே அதன்கீழ்க் கையொப்பம் இடுங்கள்.

ஆறாம் வினா: ‘தாங்கள் முன்னர் விற்றுக்கொடுத்தவர் மூவரைச் சொல்லுங்கள்.’ தரகரைப் பற்றித் தரகரே சொல்வதினும் அவரால் விற்றவர் சொல்வது மேலான சான்று. அம்மூவரிடமும், ‘சொன்ன விலைக்கு விற்றாரா? வாங்கியவரை நேரிற் பார்த்தீர்களா? கூலி பேசியபடியே வாங்கினாரா?’ என்று கேளுங்கள். ரேரா என வழங்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. அச்சட்டத்தின்கீழ்ப் பதிவாகிய மனைத்திட்டங்களிலும் அடுக்ககங்களிலும் விற்பனை செய்து தரும் முகவர் தம்மையும் பதிவு செய்துகொள்ளவேண்டும். செய்யாவிடில் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் தண்டம் உண்டு. நம் பழைய தனிவீட்டை விற்பதற்கு அப்பதிவு கட்டாயமாகாது. எனினும், பதிவு எண் உடையவர்க்கு முகவரியும் பொறுப்பும் உண்டு. ஆகவே ‘பதிவு உண்டோ?’ என்று கேட்பதிற் பிழையில்லை.

அதனோடு, எத்தனை நாளுக்குள் முயல்வார், அதுவரை வேறு தரகரிடம் சொல்லலாமா, வீடு காண வருவோரை எந்நேரத்தில் அழைத்துவருவார் என்பவற்றையும் பேசிக்கொள்ளுங்கள். பெண்கள் தனித்திருக்கும் வீட்டிற்கு முன்னறிவிப்பின்றி ஆட்களை அழைத்து வருதலும், சாவியை வாங்கிக்கொண்டு போதலும் முறையல்ல.

இவ்வாறு, தரகரைக் கேட்பவர் தம்மையும் கேட்டுக்கொள்ளவேண்டும். மூலப்பத்திரம் எங்கே? பட்டா யார் பெயரில்? வாரிசுச் சான்று பெற்றாயிற்றா? வீட்டுவரி, மின்கட்டணம் நிலுவை உண்டோ? விற்கும் நாள்வரை உள்ள வரிகளைக் கட்டுதலும், வாங்குபவர் தாமாகக் காண இயலாத உரிமைக் குறைகளை அவர்க்குத் தெரிவித்தலும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி விற்பவர் கடமைகள். நாம் தரகரிடம் உண்மை வேண்டுவோமாயின், வாங்குபவர்க்கும் உண்மை தரக் கடமைப்பட்டுள்ளோம்.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். ‘சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவளுக்கு ஏது பங்கு?’ என்னும் பேச்சு நம் வீடுகளில் இன்னும் கேட்கின்றது. பிறந்த வீட்டுக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குப் போல உரிமையை 1989-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றி அளித்தது. அக்காலத்து மணமாகியிருந்த மகளிர் அதில் விடுபட்டனர். 2005-இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அவ்வேறுபாட்டையும் நீக்கியது. தந்தை உயில் எழுதாது இறந்தால் அவர் தாமே தேடிய சொத்திலும் மனைவிக்கும் மக்களுக்கும், தாய் உயிரோடு இருப்பின் அவர்க்கும், ஒத்த பங்கு உண்டு. ‘தங்கை கையொப்பம் இல்லாமலே முடித்துத் தருகின்றேன்’ என்று சொல்லும் தரகரை வாயிற்படியிலேயே நிறுத்திவிடுங்கள். அவர் முடித்துத் தருவது வீட்டை அன்று, வழக்கை.

விற்ற ஊதியத்திற்கு வருமானவரி உண்டு. ஈராண்டுக்குமேல் உடைமையாய் இருந்த வீட்டை விற்று, வரையறுத்த காலத்தினுள் வேறு வீடு வாங்கினாலும் கட்டினாலும் அவ்வரியில் விலக்குக் கிடைக்கும். அக்கணக்கைத் தரகரிடம் கேளாதீர். விற்குமுன் ஒரு கணக்காயரிடம் கேளுங்கள். விற்றபின் கேட்டால், விலக்குப் பெறும் வழி சில அடைபட்டிருத்தல் கூடும்.

இத்துணையும் கேட்டால் தரகர் மனம் புண்படாதோ என்று நீங்கள் நினைக்கலாம். இங்கே தரகு செய்யும் நம் சங்கத்தார் சிலரும் அமர்ந்திருக்கின்றார்கள். அவர்கள் முகத்தை நோக்கியே சொல்லுகின்றேன். தரகு இழிதொழில் அன்று. விற்பவனும் வாங்குபவனும் ஒருவரை ஒருவர் அறியாத ஊரில் இருவரையும் இணைத்து, வெயிலில் அலைந்து, பத்துப் பேர் வந்து பார்த்துப் போனபின் பதினோராவது ஆளைக் கொணர்பவர் கூலிக்கு முற்றும் உரியவர். நேர்மையாகத் தரகு செய்பவர் இவ்வினாக்களை வெறுக்கமாட்டார், வரவேற்பார். ஏனெனில், எல்லாம் எழுத்தில் இருந்தால் பின்னர் அவர் மேலும் பழி வாராது. கூலியை ஏமாற்றும் விற்பனையாளரும் நாட்டில் உண்டு. அவரிடமிருந்து தரகரைக் காப்பதும் அவ்வெழுத்தே. வினாவைக் கேட்டுச் சினப்பவர், அச்சினத்தாலேயே விடை சொல்லிவிடுகின்றார்.

‘நம்மவரிடம் போய் எழுத்துக் கேட்பதா?’ என்பவர்க்கு என் விடை இது. அயலாரிடம் ஏமாந்தாற் பணம் மட்டும் போகும். நம்மவரிடம் ஏமாந்தாற் பணமும் போகும், உறவும் போகும். ஆதலால் நம்மவரிடமே முதலில் எழுதிக் கேட்கவேண்டும். உறவைக் காத்தற்கு எழுத்து வேலி போன்றது. எங்கள் மாமாவிடம் அன்று யான் நாணாமற் கேட்டிருந்தால், தமக்கையார் இன்று தம் வீட்டில் இருப்பார். மாமாவும் எங்கள் வீட்டுத் திருமணத்தில் முன்வரிசையில் இருந்திருப்பார். என் மருமகளின் திருமணத்திற்கு அவர் வரவில்லை, நாங்களும் அழைக்கவில்லை.

ஆகவே, சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். நம்மிடையே வழக்கறிஞர் உளர். பதிவுத்துறையிற் பணிபுரிந்து ஓய்வு பெற்றோர் உளர். வங்கியில் இருந்தோர் உளர். வீடு விற்கும் குடும்பத்தார், சிறப்பாகக் கணவரை இழந்த தாய்மார், எதிலும் கையொப்பம் இடுமுன் அத்தாளைக் கொண்டுவந்து காட்டினால், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் இவ்வறையில் அமர்ந்து படித்துச் சொல்லுவோம். படித்தல் என் தொழில். அதனை யான் மகிழ்ந்து செய்வேன். கட்டணம் ஒன்றும் இல்லை. வரும்போது கையொப்பம் இடாத தாளாகக் கொண்டுவாருங்கள், அது போதும்.

முன்னர்ச் சொன்ன திருக்குறள் வைப்புமுறையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சுற்றந் தழாலுக்கு அடுத்த 54-ஆம் அதிகாரத்தின் பெயர் பொச்சாவாமை. அஃதாவது மறதியும் சோர்வும் இன்றியிருத்தல். சுற்றத்தைத் தழுவியபின்னும் சோராதிருக்கவேண்டும் என்பது அவ்வைப்பால் எனக்கு விளங்குகின்றது. தமக்கையார் அன்றிரவு கேட்ட ஒரு வார்த்தையை யான் தடுத்தேன். உங்கள் வீட்டில் அக்காளோ தங்கையோ தாயோ அவ்வாறு ஒரு வார்த்தை கேட்டால், தடுக்காதீர்கள்; உடன்சென்று நீங்களும் கேளுங்கள்.